அளவு ஜாக்கெட்

திருவண்ணாமலை
17-6-2025

திருமதி ரஹமத்துன்னிசா அவர்களுக்கு,

கடிதம் தொடங்கும் இடத்தில் நலம் விசாரிப்பது வழக்கம். நான் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இன்றைக்கு இல்லை.

என் முகம் உங்களுக்கு நினைவிருக்காது. துணியைச் சொன்னால் தெரியும். போன மாதம் நந்தினி டீச்சரிடம் மூன்று ஜாக்கெட் துணி கொடுத்தனுப்பினேன். மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள், அரக்கு. அவர் வேலை பார்க்கும் பள்ளியில்தான் நானும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். மூன்று வருடமாக என் ஜாக்கெட்டெல்லாம் உங்கள் கடையில் தைத்ததுதான்.

நேற்று மூன்றாவது பீரியட். அரக்கு ஜாக்கெட் போட்டிருந்தேன். வட்டங்கள் பாடத்துக்காக வரைந்து வைத்த சார்ட்டை ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினேன். இரண்டாவது கொக்கி தெறித்தது. அதைப் பிடிப்பதற்குள் மூன்றாவதும் போனது. வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். தலைப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி ஓடி வந்து என்னை மறைத்தாற்போல் நின்றுகொண்டு, "மிஸ், சார்ட்ட நான் மாட்டறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். பதினைந்து வயசுப் பெண். முப்பத்தைந்து வயசுக்காரி அவள் மறைவில் வெளியே வந்தேன்.

மத்தியானம் தலைமையாசிரியர் அன்பரசன் கூப்பிட்டனுப்பினார். மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. டிரஸ் விஷயத்துல கொஞ்சம் பாத்துக்குங்க. பெரிய பசங்க இருக்கற எடம்." அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வருகிற ஜூலை பதினெட்டாம் தேதி வேங்கிக்காலில், மாவட்டத்துக் கணக்கு ஆசிரியர்கள் நூற்றைம்பது பேர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடக்கப் போகிறது. வீடியோ எடுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புவார்கள். அதை நடத்த என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதினோரு வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. "அத விக்னேஷ்வரன் சார் பண்ணட்டுமே. உங்களுக்கும் சங்கடம் இருக்காது" என்றார்.

உங்கள் கொக்கி தெறித்ததில் என்ன போனது என்று இப்போது புரிகிறதா?

இதைப் போனில் சொல்லலாம். எங்கள் வீடு இரண்டு அறை. ஒரு அறையில் மாமியார், இன்னொன்றில் கோயிலில் பூஜை முடித்துத் திரும்பிய கணவர். இந்த விஷயத்தை நான் சத்தமாகப் பேச முடியாது. வாட்ஸ்அப்பில் போட்டால் என் மகள்தான் முதலில் படிப்பாள். அதனால் எழுதுகிறேன். அரக்கு ஜாக்கெட்டை இத்துடன் நந்தினி டீச்சரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் வேலையின் லட்சணத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாட்சாயிணி


19-6-2025

தாட்சாயிணி டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் சொல்லாவிட்டால் நானும் சொல்லக் கூடாதா?

உங்கள் கடிதத்தை மெஷின் மேல் வைத்து இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பாவம் என்று இருந்தது. இரண்டாவது தடவை கோபம் வந்தது. என் கையில் தைத்த ஜாக்கெட்டைப் பற்றி இப்படி யாரும் எழுதியதில்லை. சண்டை போடுகிறவர்கள் கடைக்கு வந்து போடுவார்கள், நானும் போடுவேன், டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்துத்தானே? 'அளவு ஜாக்கெட்டில் இருப்பது போலவே தைக்கவும். ஒரு நூல்கூட மாற்ற வேண்டாம்.' கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறீர்கள், பரீட்சைத் தாளில் போடுகிற மாதிரி. நான் ஒரு நூல்கூட மாற்றவில்லை டீச்சர்.

உங்கள் அளவு ஜாக்கெட் என்ன கதியில் இருக்கிறது தெரியுமா? கொக்கிப் பட்டி இழுத்து இழுத்துப் பல் பல்லாகக் கிழிந்திருக்கிறது. அக்குளில் மூன்று தடவை பிரித்து விட்டிருக்கிறார்கள். உள்ளே இனி விடுவதற்குத் துணி இல்லை. அதைப் பார்த்ததும் நந்தினி டீச்சரிடம் சொன்னேன், "ஒரு தடவ அவங்கள வரச் சொல்லுங்க, டேப் போட்டுடறேன், அஞ்சு நிமிஷம்" என்று. ரம்ஜானுக்கு முன்னால் ஒரு தடவை, மே மாதம் ஒரு தடவை. 'அளவு ஜாக்கெட் இருக்கு இல்ல, அப்புறம் எதுக்கு' என்று இரண்டு தடவையும் பதில் வந்தது.

அளவு ஜாக்கெட் என்றால் அது ஜாக்கெட்டின் அளவு. உடம்பின் அளவு இல்லை. பழசில் என்ன கோளாறு இருக்கிறதோ அதையே புதுத் துணியில் பார்த்துப் பார்த்துத் தைத்துக் கொடுப்பேன். அதுதான் நீங்கள் கேட்டது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரப் பெண்கள் வருவார்கள். உள்ளே வந்ததுமே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார்கள், எடு அளவை என்று. நம்ம ஊர் ஆட்கள் பையை வைத்துவிட்டு ஓடுவார்கள். அப்புறம் சரியில்லை என்றால் யார் தலையில் விழும்? டெய்லர் தலையில்.

இன்னொன்று. உங்கள் ஹெட்மாஸ்டர் சொன்னதற்கு என்னை இவ்வளவு திட்டியிருக்கிறீர்களே, அவரை என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அது மட்டும் இல்லை.

ரஹமத்துன்னிசா


22-6-2025

திருமதி ரஹமத்துன்னிசா அவர்களுக்கு,

சீட்டு கிடைத்தது. என் கையெழுத்துத்தான். மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நோயாளி ஒரு மாத்திரைப் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் டாக்டர் அதையே எழுதிக் கொடுப்பாரா? கொக்கிப் பட்டி கிழிந்திருக்கிறது என்று தெரிகிறது. உள்ளே துணி இல்லை என்று தெரிகிறது. தெரிந்தும் அதே மாதிரி மூன்று தைத்துக் கொடுத்துவிட்டு, என் கோட்டைப் பற்றிக் கிண்டல் செய்கிறீர்கள்.

வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நான் என்னவெல்லாம் செய்து பார்த்தேன் என்று கேளுங்கள். தேரடி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் கேட்டேன். விற்கிற பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே, "உங்களுக்கு டபுள் எக்ஸெல்தான் மேடம் வரும்" என்றான். போட்டால் முன்பக்கம் மட்டும் சரியாக இருக்கிறது, தோள் முழங்கைக்கு இறங்குகிறது, இடுப்பில் இன்னொருத்தி நுழையலாம். ஒரு சைஸ் குறைத்தால் தோள் சரி, முன்னால் பட்டன் பட்டனுக்கு நடுவில் வாய் திறக்கிறது. உள்ளாடைக் கடையில் கேட்டால் "அந்த சைஸ் வராதுங்க" என்று உள்ளே பார்க்காமலேயே சொல்கிறார்கள். ஆன்லைனில் ஏழு முறை வரவழைத்து ஏழு முறை திருப்பி அனுப்பினேன். எட்டாவது முறை கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்று, "ரிட்டர்னா மேடம், வெயிட் பண்ணட்டுமா" என்றார். உள்ளிருந்து மாமியார் சிரித்தார்.

கணவரிடம் சொன்னால், "பொடவைய நன்னா போத்திண்டு போயேன், யார் பாக்கப் போறா" என்கிறார். நல்லவர்தான். அவர் சட்டையே போடாமல் வேலைக்குப் போகிறவர். அவரிடம் என்னத்தைச் சொல்வது?

என் எல்லாப் புடவைக்கும் உள்ளே மூன்று ஊக்கு இருக்கும். இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் ஒவ்வொன்று. வெயில் காலத்தில் ஊக்குத் துரு தோலில் கோடு போடும். பஸ்ஸில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்வேன். பள்ளியில் வருகைப் பதிவேடு. கோயிலில் தேங்காய்த் தட்டு. எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்குப் புர்கா இருக்கிறது. வெளியே வரும்போது ஒன்றை மேலே போட்டுக்கொண்டால் முடிந்தது. யாருக்கு என்ன அளவு என்று எவனும் பார்க்க மாட்டான்.

தலைமையாசிரியரிடம் நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

தாட்சாயிணி


26-6-2025

டீச்சர்,

உங்கள் கடைசிக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று இருந்தேன். மெஹ்விஷ் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் என் மகள், என்னோடு கடையில் இருக்கிறாள். "பதில் போடு அம்மி, நல்லா போடு" என்றாள். போடுகிறேன்.

புர்காவுக்குள்ளே நான் என்ன, காற்றா? கடையில் பத்து மணி நேரம் புர்கா இல்லாமல்தான் மெஷின் மிதிக்கிறேன். வீட்டில் மாமனார், கொழுந்தன், கொழுந்தன் மகன் எல்லாரும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் போனால் புர்காவைக் கழற்றித்தான் வைக்கணும், அங்கே இருக்கிற கண்ணெல்லாம் உங்கள் வகுப்புப் பையன்கள் கண்ணை விட மோசம். மேலே ஒன்றைப் போட்டுக்கொண்டால் முடிந்தது என்று எழுதுகிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் 'போத்திண்டு போ' என்றதற்கு உங்களுக்கு வந்த கோபம், அதையே நீங்கள் எனக்கு எழுதும்போது எங்கே போனது?

என் நிக்காஹ் பத்தொன்பது வயசில். கமீஸை ஒரு ஆம்பளை மாஸ்டர் தைத்தார். அளவு எடுக்கவில்லை, 'பாத்தா தெரியாதா' என்றாராம். அன்றைக்குக் காலையில் போட்டால் மார்புக்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டி, மேலே துப்பட்டாவை வைத்து என் மேலேயே ஊசியால் தைத்தார்கள். மே மாசம், மூன்று மணி நேரம் நகராமல் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி "பொண்ணு எல்லாம் ஜாஸ்தி" என்றாள். கூட்டமே சிரித்தது. என் வீட்டுக்காரர் ஜியாவுல்லாவுக்கு இன்றைக்கு வரைக்கும் இது தெரியாது. அதற்கப்புறம்தான் மெஷின் கற்றுக்கொண்டேன். முதலில் எனக்குத் தைத்தேன். அப்புறம்தான் ஊருக்கு.

அதனால் எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கோபத்தில் உங்கள் அளவு ஜாக்கெட்டை முழுசாகப் பிரித்துப் போட்டேன். பிரித்தால்தான் நிஜம் தெரியும். டீச்சர், இது உங்கள் ஜாக்கெட் இல்லை. முதலில் வெட்டின கோடு தெரிகிறது. மார்புக்கு இடம் விட மடித்துத் தைக்கிற டாட் ஒரு விரல் அகலம்கூட இல்லை, ஒல்லியான பெண்ணுக்குப் போட்டது. தோள் உங்களுக்கு வருவதை விட நீளம். உங்களை மூன்று வருடத்தில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஆனால் உடம்பு விஷயத்தில் என் கண் தப்பாது. வேறு யாருக்கோ வெட்டிய ஜாக்கெட்டைப் பக்கத்தில் பிரித்துப் பிரித்து உங்கள் மேல் ஏற்றியிருக்கிறார்கள். அதைத்தான் 'ஒரு நூல்கூட மாற்றாதே' என்று கோடு போட்டு அனுப்பினீர்கள்.

அது யாருடையது?

ரஹமத்துன்னிசா


29-6-2025

ரஹமத்துன்னிசா அக்காவுக்கு,

புர்காவைப் பற்றி எழுதியது தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

அது என் அக்கா அருணாதேவியின் ஜாக்கெட். என் கல்யாணத்துக்கு முகூர்த்த ஜாக்கெட் தைக்கும்போது அம்மா அவள் ஜாக்கெட்டைத்தான் அளவுக்குக் கொடுத்தாள். "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவா, சித்த பக்கத்துல விடச் சொன்னாப் போறும்" என்றாள். அக்கா என்னை விட ஒரு சாண் உயரம், ஒல்லி. அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் அதையே கடை கடையாகக் கொடுத்து வந்திருக்கிறேன். நான் கணக்கு டீச்சர். முதல் வரியில் தப்பான எண்ணை எழுதிவிட்டுக் கடைசி வரை சரியாகப் போட்டுக்கொண்டே போகும் பிள்ளைகளை எவ்வளவு திட்டியிருப்பேன்.

ஏன் என் அளவைக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். என் மேல் டேப் வைக்க நான் யாரையும் விட்டதில்லை. பதினாலு வயசில் பாவாடை தாவணிக்காக அம்மா ஒரு கடைக்கு அழைத்துப் போனாள். அளவெடுக்கிறவர் டேப்பைச் சுற்றினார். கையைத் தொடவில்லை, தப்பாக எதுவும் செய்யவில்லை. உள்ளே நோட்டில் எழுதுகிறவருக்குக் கேட்க வேண்டும் என்று எண்ணைச் சத்தமாகச் சொன்னார். எழுதுகிறவர் தலையைத் தூக்கி, "யாருக்கு, அம்மாவுக்கா பொண்ணுக்கா" என்றார். "பொண்ணுக்குத்தான்." கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் அவன் அப்பாவோடு வந்திருந்தான். மறுநாளிலிருந்து அந்த எண்தான் என் பெயர். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை அதுதான் பெயர்.

இன்னும் முடியவில்லை. 2022-இல் உங்கள் கடைக்கு நானே வந்தேன். பெண் டெய்லர் என்று நந்தினி சொன்னதால் தைரியமாக வந்தேன். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்ததாக எழுதியிருந்தீர்களே, அன்றுதான். பெஞ்சில் நாலு பேர். நீங்கள் ஒரு அம்மாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தீர்கள். எடுத்துக்கொண்டே உங்கள் மகளிடம் கத்தினீர்கள்: "மார்பு நாப்பத்தி ரெண்டு, எழுது. ஜாஸ்தி விடணும்." அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பெஞ்சில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். நான் என் பையை மேஜையில் வைத்து, "அளவு ஜாக்கெட் உள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உங்களை 'எல்லாம் ஜாஸ்தி' என்று சொன்ன அம்மாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை அக்கா. ஆத்திரம் வந்தது. அதே வார்த்தையை நாளைக்குப் பத்துத் தடவை நீங்கள் சொல்கிறீர்கள்.

தலைமையாசிரியரிடம் என்ன சொன்னேன் என்று கேட்டீர்கள். 'சொந்தக் காரணங்களால் மாதிரி வகுப்பை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்கக்கூட இல்லை. நானாகவே கொடுத்தேன்.

தாட்சாயிணி


2-7-2025

டீச்சர்,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன்.

முதலில் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நான் அப்படிக் கத்துகிறவளா? மெஹ்விஷிடம் கேட்டேன். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மி, நீ சொல்றது பக்கத்து செல்போன் கடை வரைக்கும் கேக்கும். எத்தன தடவ சொல்லியிருக்கேன், மெதுவா சொல்லுன்னு. மெஷின் சத்தத்துல ஒனக்குத்தான் காது கேக்கல" என்றாள். அப்புறம் நேற்று ஒரு நாள் நானே என்னைக் கவனித்தேன். காலையில் முதல் ஆளுக்கே கத்திவிட்டேன்.

ஜாஸ்தி விடு என்றால் உள்ளே தையலுக்குத் துணி கூட விடு என்று அர்த்தம். மெலிந்தவர்களுக்கும் சொல்வேன், கல்யாணப் பெண்ணுக்கும் சொல்வேன், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று. எங்கள் தொழிலில் அது ஒரு சாதாரணச் சொல். இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, அது என்னைக் குத்தின சொல் என்பதே மறந்துவிட்டது. எனக்கு வெட்கம் விட்டுப் போனதால் எல்லாருக்கும் விட்டுப் போயிருக்கும் என்று நினைத்திருக்கிறேன். பையை வைத்துவிட்டு ஓடுகிறார்கள் என்று உங்களைக் கேலி செய்தேனே, ஓட வைத்ததே நான்தான். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதணும்.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். அவர் கேட்காமலேயே எழுதிக் கொடுத்தேன் என்கிறீர்கள். ஏன் கொடுத்தீர்கள்? உங்களுக்குப் பாடம் வராதா? அந்த விக்னேஷ்வரன் சார் உங்களை விட நன்றாக நடத்துவாரா? நந்தினி டீச்சரைக் கேட்டேன். "அவர் புத்தகத்த பாத்துப் படிப்பாருக்கா" என்றார். அப்படிப்பட்ட ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இங்கே எனக்கு நாலு பக்கம் எழுதுகிறீர்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்தச் சார்ட்டாலேயே அடித்திருப்பேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பள்ளியில் பர்மிஷன் போட்டுவிட்டு மூன்று மணிக்கு வாருங்கள். ஜும்மாவுக்குக் கடை மூடியிருக்கும், ஷட்டர் பாதி இறக்கியிருப்பேன். மெஹ்விஷ் இருக்க மாட்டாள். நானே அளந்து நானே எழுதுவேன், வாயைத் திறக்க மாட்டேன். அளவு ஜாக்கெட் எதையும் கொண்டு வர வேண்டாம். பழசு நீங்கள் கேட்டாலும் கிடைக்காது, கொக்கியைக் கழற்றிக்கொண்டு மெஷின் துடைக்கப் போட்டுவிட்டேன்.

வராவிட்டால் இனி என் கடைக்குத் துணி அனுப்பாதீர்கள். நிஜமாகச் சொல்கிறேன்.

ரஹமத்துன்னிசா


6-7-2025

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை நான் சரியாகப் பேசவில்லை. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் சண்டைக்காரிகள் மாதிரி நின்றோம்.

அக்குளை ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, தோளிலிருந்து இறக்கம், முன்பக்க நீளம், பின்பக்க நீளம். ஒரு ஜாக்கெட்டுக்குப் பதினாலு அளவு எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு எண்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். நோட்டை நீங்கள் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நான் பார்த்தேன். நடுவில் இருந்த எண் நாற்பத்து நான்கு. மற்றதெல்லாம் மிகச் சாதாரணமான எண்கள். இருபத்தொரு வருடம் நான் எதற்குப் பயந்தேன் என்று யோசித்துக்கொண்டே கிரிவலப் பாதை வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

உள்ளே போட்டிருப்பதே தப்பு சைஸ், அதை மாற்றாமல் மேலே எதைத் தைத்தாலும் நிற்காது என்று கடைசியில் சீட்டில் எழுதிக் காட்டினீர்கள். பேச மாட்டேன் என்றதற்காக எழுதியா காட்டுவார்கள்! அப்போது சிரிக்காமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சிரித்தேன். உங்கள் நாத்தனார் ரூபீனா சென்னையிலிருந்து வாங்கி அனுப்புவார் என்று எழுதியிருந்தீர்கள். அனுப்பச் சொல்லுங்கள்.

நேற்று சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருந்தது. தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். நான் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கேட்டேன். "ஏன் மேடம், மறுபடி சங்கடமா ஆயிடுச்சுன்னா" என்றார். "அறுந்தது கொக்கி சார், என் பாடம் இல்ல" என்றேன். அவர் மேஜையைப் பார்த்தார். "நிமிந்து பாத்துப் பேசுங்க சார். பதினோரு வருஷமா என் ரிசல்ட்ட நிமிந்துதான பாத்தீங்க" என்றேன். என் குரல் வராந்தா வரைக்கும் கேட்டதாக நந்தினி சொன்னார். தாளைக் கொடுத்தார். அங்கேயே கிழித்தேன்.

பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. பத்தாம் தேதி பௌர்ணமி, உங்கள் பக்கம் கிரிவலக் கூட்டத்தில் கடை திறக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் எனக்கு வேண்டும்.

தாட்சாயிணி


14-7-2025

டீச்சர்,

ஜாக்கெட் அனுப்பியிருக்கிறேன். அரக்கில் இல்லை. அந்தத் துணியைப் பார்த்தாலே எனக்குக் கடுப்பாக இருந்தது. கரும்பச்சை எடுத்தேன், என் விருப்பம்.

மூன்று தடவை பிரித்தேன். முதல் தடவை தோள் சரி, முன்னால் கழுத்து தூக்கியது. இரண்டாவது தடவை கழுத்து சரி, அக்குளில் சுருக்கம். நாற்பத்து நாலு மார்பு என்றால் எல்லாவற்றையும் பெரிசாக வெட்டுவதுதான் ஊர் வழக்கம், நானும் இவ்வளவு நாள் அதைத்தான் செய்தேன். உங்கள் தோள் சின்னது, முதுகு சின்னது. முன்பக்கத்துக்கு மட்டும்தான் இடம் வேணும். அதனால் முன்னால் தனித் துண்டாக வெட்டிக் கிண்ணம் மாதிரி இணைத்தேன். கொக்கி ஆறு போட்டு, உள்ளே ஒரு பட்டியும் வைத்திருக்கிறேன். ஊக்கு குத்தினால் எனக்குத் தெரிந்துவிடும், குத்தாதீர்கள்.

ரூபீனா அனுப்பியதும் பையில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் இதைப் போடணும்.

கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். நன்றாகத் தூக்குங்கள், அரைகுறையாக இல்லை. குனியுங்கள். எங்கேயாவது பிடித்தால் அப்படியே நந்தினி டீச்சரிடம் அனுப்புங்கள், மறுபடியும் பிரிக்கிறேன். எங்கேயும் பிடிக்காவிட்டாலும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கடையில் இப்போது நோட்டை நானே எழுதுகிறேன். வேலை ஆமை மாதிரி நகர்கிறது. மெஹ்விஷ் சிரிக்கிறாள். பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, "என்னக்கா, தொண்ட கட்டிக்கிச்சா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ரஹமத்துன்னிசா


19-7-2025

அக்காவுக்கு,

நேற்று மாதிரி வகுப்பு முடிந்தது. நன்றாக நடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கொக்கி எதுவும் தெறிக்கவில்லை. ஊக்கு குத்தவில்லை. யாராவது என் மார்பைப் பார்த்தார்களா என்று நான் பார்க்கவில்லை, முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அது நினைவில் இல்லை. கரும்பச்சையை நந்தினி தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் இதே மாதிரி தைக்க வேண்டுமாம், அவரே வருவார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நீங்களும் சந்தோஷமாக மடித்து வைத்திருப்பீர்கள். ஆனால் நேற்று சாயந்திரத்திலிருந்து எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

வேங்கிக்கால் அரங்கத்தில் பெரிய பலகை. நான் போய் நின்றதும் இடது ஓரத்தில் மேல் மூலையிலிருந்து எழுதத் தொடங்கினேன். தேற்றம், படம், நிரூபணம். கை தன் பாட்டுக்குப் போனது. பலகை நிறைய எழுதி முடித்தபோது பின்னால் வந்து நின்று பார்த்தேன். முழுப் பலகையும் என் எழுத்து. எனக்கு ஏதோ புதிதாக இருந்தது, என்னவென்று தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் எங்கள் பள்ளியிலிருந்து கூட்டிப் போயிருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவன், ஜெகதீசன் என்று, கடைசி பெஞ்சுக்காரன், என்னிடம் வந்தான். "மிஸ், இன்னிக்குத்தான் மிஸ் எல்லாம் தெரிஞ்சுது" என்றான். புரிந்தது என்று சொல்கிறான் என்று நினைத்து, "எது புரிஞ்சுது" என்று கேட்டேன். "புரிஞ்சுது இல்ல மிஸ், தெரிஞ்சுது. கிளாஸ்ல நீங்க கீழயே எழுதுவீங்க. முன்னாடி இருக்கறவங்க தல மறைக்கும்."

அக்கா, கையைத் தோளுக்கு மேல் தூக்காமலிருக்க, பதினோரு வருடமாக நான் பலகையின் கீழ்ப் பாதியில் மட்டும் எழுதியிருக்கிறேன். எனக்கே தெரியாது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எம்பி எம்பிப் பார்ப்பார்கள், எழுந்து நிற்பார்கள், பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் அடங்காத பிள்ளைகள் என்று பெயர் வைத்தேன். இந்த ஜெகதீசனைப் போன வாரம் வெளியே நிற்க வைத்தேன். ஒவ்வொரு வருடமும் கணக்கில் தோற்றுப் போகிற ஏழெட்டுப் பேர் அந்தப் பெஞ்சிலிருந்துதான் போவார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகள் என்று ஸ்டாஃப் ரூமில் நானே சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே இருப்பார்கள்? பதினோரு வருடத்துப் பெயர்களை நேற்று எழுதிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பதினாலு வயசில் எனக்கு அளவெடுத்தவர் மேலா, அம்மா மேலா, உங்கள் மேலா, என் மேலா?

திங்கட்கிழமை முதல் பீரியட் பத்தாம் வகுப்புதான். ஜெகதீசனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், எல்லோர் முன்னாலும். 'ஏன் மிஸ் கீழயே எழுதினீங்க' என்று அவன் கேட்பான். கேட்கிற பையன்தான். அவனுக்கு என்ன பதில் சொல்வது அக்கா?

தாட்சாயிணி